சின்னக் கடைக்கும் சேமலாப நிதி உண்டு

(சேமிப்புப் பாடம்: கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், சிறு கடை நடத்தும் நம்மவர்களுக்கும்)



கொழும்பு 10, மாளிகாவத்தையில் அரசாங்கத்தின் ஓய்வூதியத் திணைக்களம் இருக்கிறது. ஆசிரியர், தபால்காரர், ரயில்வேக்காரர், கச்சேரி கிளார்க் போன்ற அரசாங்க உத்தியோகத்தர்களின் பென்சன் விடயங்களைப் பார்க்கும் திணைக்களம் அது. அந்தப் பக்கத்துத் தெருக்களிலும், பக்கத்தில் பஞ்சிகாவத்தை, மருதானைப் பகுதிகளிலும் சாப்பாட்டுக் கடை, சலூன், ஹார்ட்வெயார், கராஜ், தையற்கடை என்று எத்தனையோ சிறு தொழில்கள். வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடைகளிலும் இதே கதைதான். நம் லயங்களில் இருந்து போன பொடியன்களும் பிள்ளைகளும் அங்கெல்லாம் வேலை பார்க்கிறார்கள். ஓய்வூதியத் திணைக்களத்துக்கு எதிரிலேயே ஒருவர் இருபது வருடம் டீ போட்டாலும் அங்கே இருந்து அவருக்குப் பென்சன் வராது. அது அரசாங்க வேலைக்காரருக்கு உரியது.

அப்படியானால் கடையில் வேலை பார்ப்பவருக்கு வயது போனால் என்ன வழி? வழி இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும், "அது பெரிய கம்பெனிக்கும் தோட்டத்துக்கும்தான், சின்னக் கடைக்கு இல்லை" என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இந்த நினைப்புப் பிழை. ஒரேயொரு ஆளை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். இதை விளங்கப்படுத்துவதே இம்முறைப் பாடம்.

தோட்டத்தில் இருப்பது, கடையில் காணாமல் போவது ஏன்?

தோட்டத்தில் செக்ரோலில் பேர் பதிந்தவருக்கு ஈ.பி.எப். என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சம்பளத் துண்டில் பிடித்த காசு எழுதியிருக்கும். குறைந்தால் தலைவர் கேட்பார், சங்கம் கேட்கும், காரியாலயத்தில் போய் நாமும் கேட்போம். வேலையை விட்டு நிற்கும்போது "சேமலாபக் காசு எப்போது வரும்?" என்பதே முதல் பேச்சு.

அதே வீட்டுப் பிள்ளை கொழும்புக்குப் போனதும் எல்லாம் மாறிவிடுகிறது. கடையில் நான்கு பேர் அல்லது ஐந்து பேர்தான் வேலை. சங்கம் இல்லை. சம்பளத் துண்டும் இல்லை. முதலாளி கையில் காசைக் கொடுப்பார், தீபாவளிக்கு ஒரு உடுப்பும் அட்வான்சும் கொடுப்பார். நல்ல மனிதராகவும் இருப்பார். பிள்ளையும் சந்தோசமாக இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வேலையை விட்டு வீட்டுக்கு வரும்போதுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது தெரியவரும். தோட்டத்தில் வேலை செய்த தாய்க்குச் சேமலாபம் இருக்கும், பட்டணத்தில் வேலை செய்த மகனுக்கு இருக்காது. இந்த நிலைமையை நாம் மாற்ற வேண்டும்.

மூன்று காசு, மூன்று சட்டம்

தனியார் தொழிலில் வேலை செய்கிறவருக்கு முதுமைக் காலத்துக்கென்று மூன்று விதமான பணம் இருக்கிறது. மூன்றையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

முதலாவது, ஊழியர் சேமலாப நிதி. நாம் ஈ.பி.எப். என்று சொல்வது இதைத்தான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் ஆகக்குறைந்தது 8 வீதம் பிடிக்க வேண்டும். முதலாளி தன் பங்காக ஆகக்குறைந்தது 12 வீதம் போட வேண்டும். இரண்டும் சேர்த்து 20 வீதம். தொழில் திணைக்களம் சட்டத்தை நடத்துகிறது, பணத்தை இலங்கை மத்திய வங்கி பொறுப்பில் வைத்து வருடா வருடம் வட்டி சேர்க்கிறது.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. ஈ.டி.எப். என்பது இது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி வந்து, 1981 மார்ச் மாதம் தொடங்கியது. முதலாளி மட்டும் 3 வீதம் போட வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் இதற்காக ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. சில இடங்களில் 8ம் 3ம் சேர்த்து 11 வீதத்தைத் தொழிலாளியிடமே பிடித்து விடுகிறார்கள். அது சட்டத்துக்கு மாறு.

மூன்றாவது, பணிக்கொடை. தோட்டத்தில் சர்விஸ் காசு என்று சொல்கிறோமே, அதுதான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் சேவை முடித்தவர் வேலையை விட்டு நிற்கும்போது கிடைக்க வேண்டியது. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

பதினைந்து பேருக்குக் குறைந்த கடையில் பணிக்கொடை இந்தச் சட்டப்படி தானாக வராது. ஆனாலும் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பம் போட்டுக் கேட்கும் வழி கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் இருக்கிறது. கேட்பதானால் வேலையை விட்டதும் தாமதிக்காமல் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு விசயத்தை மனதில் பதித்துக் கொள்ளுங்கள். "பதினைந்து பேர்" என்ற கணக்குப் பணிக்கொடைக்கு மட்டும்தான். ஈ.பி.எப்.புக்கும் ஈ.டி.எப்.புக்கும் அந்தக் கணக்கு இல்லை. ஒரு ஆள் இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பல முதலாளிமார், "நம்ம கடையில பதினைஞ்சு பேர் இல்லையே" என்று சொல்லி விடுகிறார்கள்.

இந்த விசயத்தில் நம் நாட்டுச் சட்டம் நல்ல சட்டம் என்றே சொல்ல வேண்டும். ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போன நம் உறவினர் அங்கே பார்த்திருப்பார்கள், இந்தியாவின் 1952ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டம் பொதுவாக இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம். அமெரிக்கா போன்ற நாட்டில் சிறு முதலாளிக்குப் பலவிதமான திட்டங்கள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் விரும்பினால் சேரலாம் என்ற நிலைதான். இங்கே ஒரு ஆளை வைத்தாலும் கட்டாயம். சட்டம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் பழக்கம்தான் நமக்கு வர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2025ல் திருத்திய சட்டப்படி தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. நாம் 30,000 ரூபாவையே எடுத்துக் கொள்வோம்.

தொழிலாளியின் பங்கு 8 வீதம்: 2,400 ரூபா
முதலாளியின் பங்கு 12 வீதம்: 3,600 ரூபா
ஈ.பி.எப். மொத்தம் மாதம்: 6,000 ரூபா
ஈ.டி.எப். 3 வீதம், முதலாளி மட்டும்: 900 ரூபா

ஒரு வருடத்தில் ஈ.பி.எப். 72,000 ரூபா. பத்து வருடத்தில் 7 இலட்சத்து 20 ஆயிரம். ஈ.டி.எப். பத்து வருடத்தில் 1 இலட்சத்து 8 ஆயிரம். இது வட்டி சேர்க்காத கணக்கு. சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. வட்டியும் சேர்ந்து, சம்பளமும் கூடினால் இதைவிட அதிகம் வரும்.

இதில் பிள்ளை தன் கையில் இருந்து கொடுத்தது பத்து வருடத்தில் 2 இலட்சத்து 88 ஆயிரம் மட்டும். மிச்சம் எல்லாம் முதலாளியின் பங்கு. "எனக்குச் சம்பளத்தில ஒன்னும் பிடிக்க வேணாம், முழுசாக் குடுங்க" என்று சில பிள்ளைகள் தாங்களே கேட்கிறார்கள். மாதம் 2,400 ரூபா மிச்சம் என்று சந்தோசப்படுகிறார்கள். அதற்காக விட்டுக் கொடுப்பது மாதம் 4,500 ரூபா என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறோம். தொழிலாளி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தக் கடிதம் செல்லாது. சட்டம் விட்ட கடமையை இருவர் பேசி ஒதுக்கிவிட முடியாது.

சாப்பாடும் கணக்கில் சேரும்

கொழும்புக் கடைகளில் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, அதற்காகக் கைச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது வழக்கம். ஈ.பி.எப். கணக்குக்கு எடுக்கும் "உழைப்பு" என்பதில் அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, லீவு நாள் சம்பளம், கமிஷன், துண்டு வேலைக்குக் கொடுக்கும் கூலி எல்லாம் சேரும். முதலாளி கொடுக்கும் சமைத்த உணவு அல்லது சமைக்காத உணவின் பெறுமதியும் சேரும் என்று சட்டமே சொல்கிறது. ஓவர்டைம் காசு மட்டும் சேராது.

கணக்குக்கு வசதியாக, சம்பளம் 30,000, மூன்று வேளைச் சாப்பாட்டின் பெறுமதி மாதம் 10,000 என்று வைத்துக் கொள்வோம். அப்போது 40,000 ரூபாவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். 20 வீதம் 8,000 ரூபா. சாப்பாட்டைச் சேர்க்காத கணக்கை விட மாதம் 2,000 அதிகம். பத்து வருடத்தில் 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வித்தியாசம். ஹோட்டலில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது சின்ன விசயம் இல்லை.

அடிக்கடி கேட்கும் பேச்சுக்களும் அதற்கு விடையும்

"நீ இன்னும் பெர்மனன்ட் இல்லை தம்பி." வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இருந்தே ஈ.பி.எப். உண்டு. தற்காலிகம், பழகுநர், நாட்கூலி, துண்டுக் கூலி என்ற பேதம் இல்லை.

"இது குடும்பக் கடை." குடும்பத்தவர்கள் மட்டுமே வேலை செய்யும் கடைக்குத்தான் விலக்கு. வெளியாள் ஒருவர் வந்ததும் விலக்கு இல்லை.

"உன் பேரில வங்கியில போட்டு வைக்கிறேன்." நல்ல எண்ணமாக இருக்கலாம். ஆனால் வங்கிப் புத்தகம் ஈ.பி.எப்.புக்கு ஈடாகாது. முதலாளி வங்கியிலும் போடட்டும், அது அவருடைய தாராளம். ஈ.பி.எப்.பையும் கட்ட வேண்டும்.

"போகும்போது மொத்தமா ஒரு தொகை தருவேன்." பதினைந்து வருடம் கழித்துக் கடை இருக்குமா, முதலாளி இருப்பாரா என்று யாருக்குத் தெரியும்? மத்திய வங்கியில் பேரில் இருக்கும் பணம் கடை மூடினாலும் இருக்கும்.

வீட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் விசயத்தில் ஒரு கவனம் வேண்டும். வீட்டு வேலை இந்த ஈ.பி.எப். திட்டத்துக்கு வெளியிலேயே விடப்பட்டு வந்திருக்கிறது. கடை வேலையும் வீட்டு வேலையும் ஒரே சம்பளத்துக்கு வந்தால் இதையும் யோசித்து முடிவு எடுங்கள். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்த வேலைக்கும் அனுப்பக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். 2021ல் சட்டம் அந்த வயதைப் பதினான்கில் இருந்து பதினாறாக உயர்த்தியது.

நீங்களே முதலாளி என்றால்

இப்போது நம்மவர்களும் பலர் சொந்தத் தொழில் செய்கிறார்கள். டவுனில் மரக்கறிக் கடை, சலூன், தையல் மிஷின் நான்கு போட்ட கடை, கொழும்பில் சிறு சாப்பாட்டுக் கடை என்று வந்துவிட்டோம். நேற்று வரை ஈ.பி.எப். கேட்டவர் இன்று கொடுக்க வேண்டியவர். ஆகவே இந்தப் பகுதி அவர்களுக்கு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

1. உங்கள் பகுதித் தொழில் காரியாலயத்துக்குப் போய் டி படிவம் நிரப்பிக் கொடுத்துத் தொழில்தருநராகப் பதியுங்கள். ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற இடங்களில் காரியாலயம் உண்டு. உங்களுக்கு ஒரு இலக்கம் கிடைக்கும்.

2. வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஏ.பி.எச். படிவம் நிரப்புங்கள். அதில் அவருடைய விபரமும், அவர் இறந்தால் பணம் யாருக்கு என்ற பின்னுரித்தாளர் பெயரும் வரும். பதிவானதும் பி அட்டையை அவர் கையிலேயே கொடுங்கள். கடை லாச்சியில் வைக்க வேண்டாம்.

3. மாதம் முடிந்ததும் சி படிவத்துடன் அடுத்த மாதம் முடிவதற்குள் ஈ.பி.எப். பணத்தைக் கட்டுங்கள். ஈ.டி.எப். பணத்தையும் அதே போல அடுத்த மாதத்துக்குள் அந்தச் சபைக்குக் கட்டுங்கள்.

4. பிடித்த தொகை, நீங்கள் போட்ட தொகை இரண்டையும் சம்பளத் துண்டில் எழுதிக் கொடுங்கள்.

செலவு எவ்வளவு? 30,000 ரூபா சம்பளக்காரர் ஒருவருக்கு உங்கள் கையில் இருந்து போவது மாதம் 3,600ம் 900ம், மொத்தம் 4,500 ரூபா. ஒரு நாளைக்கு 150 ரூபா. கடை திறக்கும்போதே வாடகை, கரண்ட் பில் மாதிரி இதையும் கணக்கில் எழுதி விட்டால் பாரமாகத் தெரியாது. ஆள் எடுத்த பிறகு நினைத்தால்தான் பாரம்.

கட்டாமல் விட்டால் செலவு இதைவிடப் பெரிது. பிந்திய நாளைப் பொறுத்து 5 வீதத்தில் இருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் வரும். ஒரு வருடத்துக்கான 72,000 ரூபாவை ஒரு வருடத்துக்கு மேல் கட்டாமல் வைத்திருந்தால், அதன் மேல் 36,000 சேர்ந்து 1 இலட்சத்து 8 ஆயிரம் கட்ட வேண்டும். அப்போது தொழிலாளியின் 8 வீதத்தைப் பழைய கணக்காக அவர் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. 20 வீதமும் உங்கள் தலையில்தான். அதற்கும் கட்டாவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார். கோர்ட்டு அதைத் தண்டப் பணம் மாதிரி அறவிடும்.

சிறு முதலாளிக்கு முன்னால் உள்ள தெரிவுகளையும் சொல்லி விடுகிறோம். ஈ.பி.எப்.பும் ஈ.டி.எப்.பும் தெரிவு இல்லை, கட்டாயம். தனியான சேமலாப நிதி வைக்கலாம், ஆனால் தொழில் ஆணையாளரின் அங்கீகாரம் வேண்டும். தோட்டத்து ஸ்டாப்மாருக்குத் தனிச் சேமலாபச் சங்கம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் வேலை செய்யும் கடைக்கு அது ஒத்துவராது. உங்களுக்கு உண்மையில் இருக்கும் தெரிவுகள் இரண்டு. ஒன்று, 12 வீதத்துக்கு மேல் போடுவது. 12 என்பது ஆகக்குறைந்த அளவு, மேலே தடை இல்லை. நல்ல வேலைக்காரர் வேறு கடைக்குப் போகாமல் இருக்க இது நல்ல வழி. இரண்டு, பதினைந்து பேர் இல்லாவிட்டாலும் பணிக்கொடைக்கென்று தனியாக ஒரு வங்கிப் புத்தகத்தில் சேர்ப்பது. ஆளுக்கு மாதம் 1,250 ரூபா ஒதுக்கினால் வருடத்தில் அரை மாதச் சம்பளம் வந்துவிடும். பத்து வருடம் உங்களோடு கஷ்டப்பட்டவர் போகும்போது வெறுங்கையோடு போக மாட்டார்.

முதலாளியாகிய உங்களுக்கு யார் சேர்ப்பது? தனியாளாகக் கடை நடத்துபவர் தனக்குத் தானே ஈ.பி.எப். கட்ட முடியாது. அவர் யாருக்கும் ஊழியர் இல்லையே. அவர்களுக்காகத்தான் 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபை இருக்கிறது. சுயதொழில் செய்பவர் பணம் கட்டி வந்தால் 60 வயதுக்குப் பிறகு மாதாமாதம் ஓய்வூதியம் பெறும் திட்டங்கள் அதில் உண்டு. வயது குறைவாக இருக்கும்போது சேர்ந்தால் கட்டும் தொகையும் குறைவு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஈ.பி.எப். இல்லாத வேலை செய்பவர்களும் இந்தத் திட்டத்தை விசாரித்துப் பார்க்கலாம்.

பணம் எப்போது கைக்கு வரும்?

ஈ.பி.எப். பணத்தை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையை விட்டு நின்று எடுக்கலாம். 2021ல் வந்த சட்டப்படி ஆகக்குறைந்த ஓய்வு வயது 60. அதாவது 60 வரை வேலை செய்ய உரிமை உண்டு, பணம் எடுக்கும் வயது பழையபடிதான். இதுதவிர, உடல் நிரந்தரமாக இயலாமல் போனாலும், நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தாலும், பென்சன் உள்ள அரசாங்க வேலை கிடைத்தாலும் எடுக்கலாம். ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மத்திய கிழக்குக்குப் போவது நிரந்தரமாகக் குடிபெயர்வது ஆகாது.

கலியாணம் முடித்து வேலையை விடும் பெண் பிள்ளைகளும் பணத்தை எடுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் நாம் சொல்வது, முடிந்தவரை எடுக்க வேண்டாம். கலியாணச் செலவில் ஒரு வாரத்தில் போய்விடும் அந்தக் காசு, வைத்திருந்தால் வட்டியோடு ஐம்பது வயதில் கைகொடுக்கும். பிறகு வேறு வேலைக்குப் போனாலும் தொடர்ந்து சேரும்.

வீடு, வைத்தியம் என்ற இரண்டு தேவைக்கு முன்கூட்டியே 30 வீதம் வரை எடுக்கலாம். அதற்குப் பத்து வருடமாவது பணம் கட்டியிருக்க வேண்டும், மீதி 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மீதியில் 75 வீதம் வரை பிணையாகக் காட்டி வங்கியில் வீட்டுக் கடனும் கேட்கலாம். தவணை கட்டாவிட்டால் கடன் சேமலாபத்தில் இருந்தே கழியும், கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. வீட்டுக்கு என்றால் வீட்டுக்கே செலவழியுங்கள்.

ஈ.டி.எப். பணத்தை வேலை மாறும்போது எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். கணக்கில் பணம் கட்டிக் கொண்டிருப்பவருக்கு மரண உதவி, நிரந்தர அங்கவீன உதவி, இருதய சத்திரசிகிச்சை உதவி, கண் வில்லை உதவி, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைக்கு உதவி என்பவையும் உண்டு. கட்டாத முதலாளி பிடித்து வைப்பது 900 ரூபாவை மட்டும் இல்லை, இந்த உதவிகளையும்தான்.

பெயர் விசயத்தில் கவனம்

நம் மக்களுடைய பணம் தாமதமாவதற்கு முக்கியமான காரணம் பெயர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, கடையில் கூப்பிடுவது இன்னொரு பெயர். ஒன்றில் செல்வராணி, மற்றதில் செல்வராஜி. தகப்பன் பெயர் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில். பணம் எடுக்கப் போகும் நாளில் "நீங்கள்தான் அவர் என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி விடுவார்கள். 55 வயதில் அலைவதை விட, 18 வயதில் சரி செய்வது சுலபம். வேலைக்குச் சேரும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். கடைக்குக் கடை மாறும்போதும் அதே பெயர், அதே அடையாள அட்டை இலக்கம்.

பின்னுரித்தாளர் பெயரையும் பாருங்கள். கலியாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் கொடுத்தவர், கலியாணம் முடித்ததும் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மரணம் நேர்ந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் காரியாலய வாசலில் நிற்க நேரும்.

கட்டவில்லை என்று தெரிந்தால்

முதலில் மரியாதையாகக் கேளுங்கள். தெரியாமல் விட்ட சிறு முதலாளிகளும் இருக்கிறார்கள். சட்டத்தை எடுத்துச் சொன்னால் பதிந்து கொள்பவர்கள் உண்டு. அப்படியும் நடக்காவிட்டால் கடை இருக்கும் பகுதித் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம். வக்கீல் தேவையில்லை. வேலையை விட்டு வந்த பிறகும் முறைப்பாடு செய்யலாம்.

அதற்கு வேண்டியது ஆதாரம். நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, வங்கியில் சம்பளம் விழுந்த கணக்கு, கடைப் பெயர் போட்ட அடையாள அட்டை, ஒன்றாக வேலை செய்தவரின் சாட்சி, எதுவும் உதவும். ஒன்றும் கிடைக்காத பிள்ளைக்கு ஒரு வழி சொல்கிறோம். ஒரு சி.ஆர். கொப்பியில் மாதா மாதம் சம்பளம் வாங்கிய திகதி, தொகை, பிடித்த காசு மூன்றையும் எழுதி வரட்டும். கடையின் பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். தொழில் அதிகாரி விசாரிக்கும்போது, "ஏதோ ரெண்டாயிரத்துப் பதினஞ்சு, பதினாறு இருக்கும் ஐயா" என்று சொல்வதற்கும், திகதி போட்ட கொப்பியைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஈ.பி.எப். கட்டுவதாக முதலாளி சொன்னாலும், உண்மையில் கணக்கில் விழுகிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். மத்திய வங்கியின் ஈ.பி.எப். இணையத்தளத்தில் பதிந்து கொண்டால் மீதியைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். இளம் பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிட வேலை.

பெற்றோருக்கு ஒரு வீட்டு வேலை

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். உடுப்பு, பலகாரம், சம்பளம் எவ்வளவு என்ற பேச்சு முடிந்ததும் இந்த நான்கு கேள்வியையும் கேளுங்கள்.

ஒன்று: உன் ஈ.பி.எப். இலக்கம் என்ன? பி அட்டை யார் கையில் இருக்கிறது?
இரண்டு: சம்பளத்தில் எத்தனை வீதம் பிடிக்கிறார்கள், எட்டா, பதினொன்றா?
மூன்று: சாப்பாட்டின் பெறுமதி கணக்கில் சேர்ந்திருக்கிறதா?
நான்கு: பின்னுரித்தாளராக யார் பெயரைக் கொடுத்திருக்கிறாய்?

நான்குக்கும் விடை வந்தால் நிம்மதி. ஒன்றுக்காவது "தெரியாதும்மா" என்று பிள்ளை சொன்னால், லீவு முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் அடையாள அட்டையையும் இருக்கிற துண்டுகளையும் எடுத்துக் கொண்டு நலன்புரிக் காரியாலயத்துக்கு அழைத்து வாருங்கள். படிவம் நிரப்பவும், தொழில் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதவும் நாம் உதவி செய்வோம். சிறு கடை தொடங்குகிறவர்களும் தயங்காமல் வரலாம், டி படிவத்தை ஒன்றாக இருந்து நிரப்பலாம்.

இந்தப் பக்கத்தை வெட்டி அடையாள அட்டையோடு வைத்துக் கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.